கோத்தகிரியிலிருந்து ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு

'கோத்தகிரிக்காரிக்குக் குளிரா புதுசு?' என்று ஒரு ஸ்வெட்டரோடு போய் இறங்கியவள் நான். நம்ம ஊர் உறைபனி வெயில் ஏறினால் கரைந்துவிடும். அங்கே ஜனவரியில் பல நாள் வெயிலே ஏறாது. கனத்த ஜாக்கெட்டை மட்டும் அங்கே போய் வாங்குங்கள், இங்கே காசை வீணாக்க வேண்டாம்.

விசாவுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழ் (நம்ம படிப்புச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தருவது) வேண்டும், முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். பிளாக்டு அக்கவுண்டில், அதாவது செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் முடக்கக் கணக்கில், வருஷத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் (2024 செப்டம்பரிலிருந்து இந்தத் தொகை). ஆனால் மொத்தமாக எடுக்க முடியாது, மாதம் 992தான்.

நான் சறுக்கியது முகவரிப் பதிவில். குடிபோன 2 வாரத்துக்குள் 'அன்மெல்டுங்' செய்ய வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை நீட்டினேன். கவுண்டரில் இருந்த அம்மா தலையை ஆட்டிவிட்டார். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தனிப் படிவம் வேண்டுமாம். அவரோ ஊரில் இல்லை. பதிவு இல்லாததால் நான் போன வங்கியில் கணக்கு திறக்கவில்லை; கணக்கு இல்லாமல் அந்த 992 வரவில்லை. மூன்று வாரம் ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணம் ஏற்றிய கார்டு) ஓட்டினேன். அதனால் சாவி வாங்கும்போதே அந்தப் படிவத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள். முன்பணமே மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம், கையில் கூடுதலாக வைத்திருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே அரிசி வாங்கிவிடுங்கள். நெய், பால்கோவா கொண்டுபோக அனுமதியில்லை. வர்க்கி கொண்டுபோகலாம், எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி. என்னுடையது பிளாஸ்டிக் கவரில் போய்த் தூளாகத்தான் சேர்ந்தது, டீயில் போட்டுக் கரண்டியால் சாப்பிட்டேன்.