இரண்டடித் தொட்டியில் கான்விக்ட் சிக்லிட்: சண்டையைக் குறைக்கும் வழிகள்

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் குஞ்சாகப் பார்க்கும்போது கான்விக்ட் சிக்லிட் மீன் சாதுவாகத்தான் தெரியும். சில மாதங்களில் முட்டையிடும் வயது வந்ததும் ஆளே மாறிவிடும். மத்திய அமெரிக்க ஓடைகளில் கற்களுக்கு இடையே இடம் பிடித்து, கிட்டே வரும் எதையும் விரட்டி வாழ்கிற மீன் அது. ஓடையில் தோற்ற மீன் எங்காவது போய்விடும். நம் தொட்டியில் கண்ணாடிதான் எல்லை. மீனின் குணத்தை நாம் மாற்ற முடியாது. ஆனால் தோற்ற மீன் மற்றதன் கண்ணில் படாமல் இருக்க இடம் செய்து தரலாம்.

24×12×15 அங்குலத் தொட்டி ஏறக்குறைய 70 லிட்டர். அதில் ஒரு ஜோடி போதும், இரண்டு ஆண் வேண்டவே வேண்டாம். பெண்ணின் வயிற்றில் ஆரஞ்சு நிறம் மினுங்கும். ஆண் பெரிதாக, துடுப்பு நுனி நீண்டு இருக்கும். கடையில் நாமாக ஒரு ஆணையும் பெண்ணையும் பிடித்து வருவதைவிட, ஐந்தாறு குஞ்சுகள் வளர்த்து, தானாக ஜோடி சேர்ந்ததும் மற்றவற்றைத் திருப்பிக் கொடுப்பது நல்லது. வாங்கும்போதே கடைக்காரரிடம் இதைப் பேசி வையுங்கள். மீனை நெருக்கமாக விட்டால் சண்டை குறையும் என்று சிலர் சொல்வார்கள். அது பெரிய தொட்டியில் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன் வளர்ப்பவர்களின் வழி. இங்கே எடுபடாது.

அப்புறம் கல் அடுக்குவது. தொட்டியின் ஒரு பக்கக் கண்ணாடி வழியாகக் குனிந்து பாருங்கள். மறு கோடி நேராகத் தெரிந்தால் மீனுக்கும் தெரியும், விரட்டல் நிற்காது. நடுவில் தண்ணீர் உயரத்தில் முக்கால்வாசிக்குக் கல் எழுப்புங்கள். கான்விக்ட் மணலைத் தோண்டும் என்பதால், மணல் போடும் முன்பே கல்லை அடிக்கண்ணாடியில் பதமாக உட்கார வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சரியும். ஒளிய மண்பானையைவிட எனக்குப் பிடித்தது ஹார்டுவேர் கடை பிவிசி குழாய்த் துண்டு. இரண்டு பக்கமும் வழி இருக்கும், துரத்தும் மீன் உள்ளே வந்தால் மறுபக்கம் தப்பலாம். ஒரே வாய் உள்ள பானைக்குள் மாட்டிய மீன் அடி வாங்கியே சாகும்.

சென்னை வெயிலில் ஹீட்டர் வேண்டாம். தண்ணீர் சூடேறினால் முட்டையிடும் வேகமும் முரட்டுத்தனமும் கூடும். தீனியை இரண்டு மூலையிலும் ஒரே நேரத்தில் போடுங்கள்.

வாயோடு வாய் கவ்வித் தள்ளுவதும், துடுப்பை விரித்துக் காட்டுவதும் பலப்பரீட்சை. உடனே பதற வேண்டாம். ஒரு மீன் மேல் மூலையில் ஒட்டிக்கொண்டு, துடுப்பை மடக்கி, தின்ன வராமல் நின்றால்தான் ஆபத்து. அப்போது பலரும் அடிபட்டதைத் தனியே எடுப்பார்கள். அடிப்பதையும் எடுக்க வேண்டும்! அதை ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் கூடையில் போட்டு அதே தொட்டியில் மிதக்க விடுங்கள். சில நாள் கழித்து, கற்களை முழுக்க இடம் மாற்றி அடுக்கி, விளக்கை அணைத்த பிறகு வெளியே விடுங்கள். பழைய இடம் இல்லாததால் அதுவும் புதிதாக இடம் தேட வேண்டும். அடிபட்ட மீனுக்குத் தனித் தொட்டியில் சுத்தமான தண்ணீரும், லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பும் போதும். வால் கிழிசல் தானாகவே வளரும்.

முட்டை வந்துவிட்டால் கணக்கே வேறு. சுமார் மூன்று நாளில் பொரியும், ஒரு வாரத்தில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். அதற்குப் பிறகும் சில வாரம் இரண்டும் சேர்ந்து காவல் காக்கும். சில பெண் மீன்கள் ஆணையே விரட்டும். அப்படியானால் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தடுப்பை நடுவில் சொருகி, குஞ்சுகளைத் தாயிடம் விடுங்கள். குஞ்சுகளை வேறிடம் மாற்றிய பிறகும் விரட்டல் தொடர்ந்தால் ஒன்றைக் கடையில் கொடுத்துவிடுங்கள். தனி கான்விக்ட் இந்தத் தொட்டியில் நன்றாகத் தின்று, மணலைக் கிளறிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இருக்கும்.