ஹோனிங் கைடு இருந்தும் கூர் வரவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

உளியையோ இழைப்புளி பிளேடையோ தீட்டுக்கல்லின் மேல் ஒரே கோணத்தில் பிடித்துக்கொள்வதுதான் ஹோனிங் கைடின் வேலை. கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு. அதில் சரிவான பக்கத்தை மட்டும்தான் கைடு கவனிக்கிறது. பின்பக்கம், கல்லின் சமதளம், பிசிர் (தீட்டும்போது முனையின் மறுபக்கம் மடிந்து எழும் மெல்லிய எஃகு இழை) எழுந்ததா என்ற சோதனை எல்லாம் தீட்டுபவர் பொறுப்பு. கைடு வாங்கியும் கூர் வரவில்லை என்பவர்களின் கருவியை வாங்கிப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் கைடு தொடாத இடத்தில்தான் இருக்கிறது.

பின்பக்கத்தை விட்டுவிடுவது

முதலும் பெரியதுமான தவறு இதுதான். புது உளியின் பின்பக்கம் பார்வைக்குத் தட்டையாகத் தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஆலையில் அரைத்த கோடுகள் வரிவரியாக இருக்கும். சரிவுப் பக்கத்தை 8000 கிரிட் (எண் கூடக் கூடக் கல் நுண்மையானது) வரை கண்ணாடிபோல் தீட்டினாலும், பின்பக்கக் கோடுகள் கூர்முனையில் வந்து முடியும் இடமெல்லாம் நுண்ணிய பல்லாகவே நிற்கும். அந்தக் கூர் மரத்தைச் சீவாது, பிறாண்டும்.

அதனால் கைடை எடுப்பதற்கு முன்பே பின்பக்கத்தை 1000 கிரிட் கல்லில் தட்டையாக்கி, பிறகு நுண்கல்லில் மெருகேற்றிவிட வேண்டும். முழு நீளமும் தேவையில்லை. உளிக்கு முனையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதும், இழைப்புளி பிளேடுக்கு அதைவிடக் குறைவு. இந்தக் கட்டத்தில் விரல் அழுத்தம் முனைக்கு அருகில் இருக்கட்டும். கைப்பிடிப் பக்கம் துளி உயர்ந்தாலும் கூர்முனை உருண்டுவிடும். மெருகு முனையின் கடைசி இழைவரை, இரு மூலையிலும் எட்டியதா என்று பாருங்கள். ஓரத்தில் ஒரு மங்கல் பட்டை மிச்சமிருந்தால் வேலை முடியவில்லை. ஒரு கருவிக்கு ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு நுண்கல்லில் நாலு தேய்ப்பு தேய்த்தாலே சரியாக இருக்கும்.

நீட்டத்தைக் கண்ணால் மட்டிடுவது

பக்கவாட்டில் இறுக்கும் சாதாரண கைடில், பிளேடு எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது என்பதுதான் கோணத்தைத் தீர்மானிக்கிறது. எக்லிப்ஸ் என்ற பெயரில் அறியப்படும் இந்த வகைக் கைடுகளுக்கான அளவுகள் பலருக்கும் மனப்பாடம்: உளிக்கு 40 மி.மீ. நீட்டினால் 25 டிகிரி, 30 மி.மீ. நீட்டினால் 30 டிகிரி. இழைப்புளி பிளேடுக்கு அதே கோணங்கள் 50 மி.மீ., 38 மி.மீ.

இரண்டுக்கும் ஏன் வெவ்வேறு அளவு? உளி கைடின் கீழ்ப் பள்ளத்தில் உட்காரும், அகலமான பிளேடு மேல் படியில் உட்காரும். உயரம் கூடினால் அதே கோணத்துக்கு நீட்டமும் கூட வேண்டும். இதைக் கவனிக்காமல் உளிக்கு வைத்த 30 மி.மீ. அளவிலேயே பிளேடையும் மாட்டினால், கோணம் 30 டிகிரியைத் தாண்டி எங்கோ போய்விடும். வழக்கமான இழைப்புளியில் பிளேடு 45 டிகிரியில், சரிவு கீழ்நோக்கிப் படுத்திருக்கிறது. 30 டிகிரியில் தீட்டிய கூருக்குக் கீழே 15 டிகிரி இடைவெளி கிடைக்கும். கோணம் ஏற ஏற அந்த இடைவெளி சுருங்கும். ஒரு கட்டத்தில் கூருக்குப் பின்னால் உள்ள சரிவு மரத்தில் உரசத் தொடங்கும். கூர் நன்றாகவே இருந்தும் இழைப்புளி மரத்தைக் கடிக்காமல் வழுக்கிப் போவதற்கு இது ஒரு காரணம்.

மேலே சொன்ன அளவுகளைப் பாருங்கள்: 10 மி.மீ.க்கு 5 டிகிரி. அதாவது ஒரு மி.மீ. தவறினால் ஏறக்குறைய அரை டிகிரி. கேட்பதற்கு அற்பம்தான். ஆனால் போன முறையைவிட அரை டிகிரி தாழ்வாக மாட்டிவிட்டால், கல் கூர்முனையைத் தொடாமல் அதற்குப் பின்னால் மட்டும் தேய்க்கும். எவ்வளவு நேரம் தேய்த்தாலும் கூர் வராது. கோணம் 30ஆ 31ஆ என்பதைவிட, ஒவ்வொரு முறையும் அதே கோணம் திரும்ப வருவதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு அளவுகோல் வேண்டாம். ஒரு பலகைத் துண்டில் தேவையான தூரங்களில் சிறு கட்டைகளை ஒட்டி, கைடை விளிம்பில் வைத்து, பிளேடு முனை கட்டையில் முட்டும்வரை தள்ளி இறுக்குங்கள். கைடு வைத்திருப்பவர் முதலில் செய்துகொள்ள வேண்டிய பொருள் இந்த நிறுத்துப் பலகைதான். சந்தேகமாக இருந்தால் சரிவின் மேல் மார்க்கர் பூசி, கல்லில் ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை எந்த இடத்தில் அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது.

மாட்டும்போது நேரும் கோணல்

திருகைக் கையால் மட்டும் முறுக்கினால், அழுத்தித் தேய்க்கும்போது பிளேடு மெல்லத் திரும்பிவிடும். ஸ்க்ரூடிரைவரால் இறுக்கி, மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மேலிருந்து அழுத்தும் வகைக் கைடில் குறுகிய உளிகள் நழுவும், 6 மி.மீ. உளிக்குப் பக்கவாட்டுக் கைடுதான் நம்பகமானது. தடித்த பக்கங்கள் கொண்ட துளை உளி பல கைடுகளின் பள்ளத்தில் ஒழுங்காக உட்காராது, அதை வலுக்கட்டாயமாக மாட்டக் கூடாது.

முழுச் சரிவையும் தீட்டுவது

ஒவ்வொரு முறையும் 25 டிகிரிச் சரிவு முழுவதையும் நுண்கல்வரை கொண்டுபோவது வீண் உழைப்பு. மரத்தில் படுவது முனையின் ஓரிழை மட்டும்தான். முதன்மைச் சரிவை 25 டிகிரியில் விட்டுவிட்டு, முனையில் மட்டும் 30 டிகிரியில் ஒரு மெல்லிய பட்டை எடுங்கள். அகற்ற வேண்டிய எஃகு மிகக் குறைவு என்பதால் சில இழுப்புகளிலேயே பிசிர் எழும். தீட்டத் தீட்ட அந்தப் பட்டை அகலமாகிக்கொண்டே வரும். அகலம் கூடி வேலை இழுக்கத் தொடங்கும்போது முதன்மைச் சரிவை மறுபடி அரைத்துக்கொள்ளலாம்.

குழிந்த கல், தவறான அழுத்தம்

தண்ணீர் விட்டுத் தீட்டும் தண்ணீர்க் கல் மென்மையானது, நடுவில் சீக்கிரம் குழியும். குழிந்த கல்லில் தீட்டிய உளியின் முனை நேர்கோடாக வராது, நடுவில் புடைத்து மூலைகள் தேய்ந்திருக்கும். கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, வைரத்துகள் பதித்த டயமண்ட் தட்டில் நாலு தேய்ப்பு தேயுங்கள். ஓரங்களில் கோடு அழிந்து நடுவில் மட்டும் நின்றால், அங்கே குழி இருக்கிறது. நடுக்கோடும் அழியும்வரை தேய்க்க வேண்டும்.

அழுத்தத்தைப் பொறுத்தவரை, விரல்கள் பிளேடின் முனைக்கு நேர் மேலே இருக்க வேண்டும். கைடின் உடலை அழுத்தினால் தேய்வது அதன் அடியில் கல்லின் மேல் உருளும் ரோலர்தான். ஒரே மூலையில் பலம் விழுந்தால் முனை கோணலாகும். ஆனால் மெருகேற்றும் இழைப்புளியின் பிளேடுக்கு இதையே வேண்டுமென்று செய்வார்கள்: கடைசியில் இரு மூலைகளிலும் மாறி மாறிச் சில இழுப்புகள் அழுத்தினால் முனை மிக லேசாக வளையும், இழைத்த பரப்பில் பிளேடு மூலையின் தடம் விழாது. இதற்குக் குறுகிய ரோலர் வசதி. அகன்ற ரோலர் பிளேடைச் சாய விடாது.

கண்ணாடியின் மேல் வாட்டர் பேப்பர் வைத்துத் தீட்டுபவர்கள் இழுக்கும்போது மட்டும் அழுத்துங்கள். தள்ளினால் கூர் தாளைக் கிழிக்கும். தாள் சரியாக ஒட்டாமல் முனைக்கு முன்னால் புடைத்தால் கூர் உருண்டும் போகும். கல் மாற்றும் முன் பிளேடோடு ரோலரையும் கழுவுங்கள். முரட்டுக் கல்லின் துகள் ஒன்று நுண்கல்லுக்கு வந்தாலும் மெருகில் கீறல் விழும்.

பிசிரைத் தேடாமலே கல்லை மாற்றுவது

முரட்டுக் கல்லை எப்போது விடலாம் என்பதற்கு இழுப்புகளின் எண்ணிக்கை விடை சொல்லாது. பின்பக்கத்திலிருந்து முனைக்கு வெளியே விரல் நுனியை மெல்ல நகர்த்துங்கள். முனை நெடுக விரலை ஓட்டக் கூடாது, வெட்டிவிடும். மெல்லிய சொரசொரப்பு ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தட்டுப்பட்டால், கல் கூர்முனையை எட்டிவிட்டது. நடுவில் மட்டும் தட்டுப்பட்டால் அதே கல்லில் தொடருங்கள். இதைச் சோதிக்காமல் 4000, 8000 என்று ஏறினால், மழுங்கிய முனைக்கு மெருகேற்றியதுதான் மிச்சம்.

பிசிரை எடுக்கும்போது கைடைக் கல்லின் ஓரத்துக்கு வெளியே நிறுத்தி, பின்பக்கத்தைக் கல்லில் முழுதாகப் படுக்கவைத்துத் தேயுங்கள், அல்லது கைடைக் கழற்றிவிடுங்கள். கைடு இடிக்கிறது என்று பிடியைக் கொஞ்சம் தூக்கித் தேய்ப்பது உளியைக் கெடுக்கும் வழி. பின்பக்கம் தட்டையாக இல்லாத உளியை மரத்தின் மேல் படியவைத்துச் சீவ முடியாது. இழைப்புளி பிளேடுக்கு மட்டும் இதில் சலுகை உண்டு. ஆங்கிலேயத் தச்சுக் கலைஞர் டேவிட் சார்ல்ஸ்வொர்த் பரப்பிய முறைப்படி, அரை மி.மீ. தடிமனுள்ள எஃகு அளவுகோலைக் கல்லின் ஒரு விளிம்பில் வைத்து, பிளேடின் பின்பக்கத்தை அதன் மேல் சாய்த்து நுண்கல்லில் தேய்த்தால் முனையோரம் மட்டும் மெருகாகும். உளிக்கு இந்த முறை கூடவே கூடாது.

கடைசியாக ஒரு சோதனை. முனையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். எங்காவது வெள்ளைக் கோடு மின்னினால் அந்த இடம் மழுங்கல். பிறகு மென்மரத் துண்டு ஒன்றின் குறுக்குவெட்டு முகத்தில் உளியால் ஒரு சீவு சீவுங்கள். நார்கள் நசுங்கி வெளிறிப் போனால் மறுபடி கல்லுக்குப் போக வேண்டும். வெட்டிய முகம் வழுவழுவென்று பளபளத்தால் வேலையைத் தொடங்கலாம்.