ஆக்டேவியா ஆர்எஸ்: என்ஜினைக் காவு கொடுக்காமல் பவர் ஏற்றுவது எப்படி

2017-ல் ஸ்கோடா இங்கே விட்ட ஆக்டேவியா ஆர்எஸ் 230-ஐ செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களில் பாதிப் பேர், ஆர்சி புக்கில் பேர் மாறுவதற்குள்ளேயே ரீமேப் (என்ஜின் சாஃப்ட்வேரை மாற்றி எழுதிப் பவர் ஏற்றுவது) விலை விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். தப்பில்லை, நானும் அப்படித்தான். கம்பெனி கொடுப்பது 230 பிஎஸ் பவர், 350 என்எம் டார்க் (சுழற்றும் விசை). என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் அதே டர்போவை வைத்துக்கொண்டு ஈசியு எனும் என்ஜின் கணினியின் சாஃப்ட்வேரை மட்டும் மாற்றினாலே 290, 300 என்று போகும். கேட்கவே இனிக்கிறது. ஆனால் என்ஜினை உடைப்பது அந்த 300 இல்லை, அது எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்றில்) எப்படி வருகிறது என்பதுதான்.

சின்னக் கணக்கு ஒன்று. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7024-ஆல் வகுத்தால் பிஎஸ் வரும். 350 என்எம் 4700 ஆர்பிஎம்மில் 234 பிஎஸ், கிட்டத்தட்ட கம்பெனி சொல்வதேதான். அப்படியென்றால் 300 பிஎஸ் வேண்டுமானால் இரண்டு வழி இருக்கிறது: கீழ் ஆர்பிஎம்மிலேயே டார்க்கை 450-க்குத் தூக்கிவிடுவது, அல்லது கீழே 400-க்குள் நிறுத்திவிட்டு 5500-க்கு மேலேயும் அது சரியாமல் பிடித்து வைப்பது. முதல் வழியில் வண்டி ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் முதுகை சீட்டில் தள்ளும், டெஸ்ட் டிரைவிலேயே பணத்தைக் கொடுத்துவிடுவீர்கள். ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போவது டார்க் உச்சத்தில் இருக்கும்போதுதான், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைவதும் பிஸ்டன் ரிங் இருக்கும் இடம் உடைவதும் பெரும்பாலும் அங்கேதான். அதனால் ரீமேப் போடும் ட்யூனரிடம் போனதும் "எத்தனை பிஎஸ் வரும்" என்று கேட்காதீர்கள். "2000-லிருந்து 3000 வரைக்கும் எவ்வளவு டார்க் விடுகிறீர்கள், டைனோ கோட்டைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். டைனோ என்பது வண்டியை ஓடவிட்டு பவரையும் டார்க்கையும் அளக்கும் கருவி. பதில் சொல்லத் திணறினால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம்.

நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ என்ஜின்களுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. டாப் கியரில் 1500 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தால், பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். பொறி விட்ட பிறகு கலவையின் ஒரு பகுதி தானாக வெடிக்கும் சாதாரண நாக்கிங்கை நாக் சென்சார் பிடித்து, டைமிங்கை, அதாவது பொறி விடும் நேரத்தை, பின்னுக்கு இழுத்துச் சமாளிக்கும். இது பொறிக்கு முன்பே நடப்பதால் அந்த வைத்தியம் பலிக்காது, மோசமாக வந்தால் ஒரே தடவையில் பிஸ்டன் போய்விடும். ஆயிலில் இருக்கும் கால்சியம் சேர்மானம் இதைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்துத்தான் 2020-ல் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எஸ்பி தர ஆயில் வந்தது. ஆகவே டப்பாவில் ஸ்கோடாவின் தாய் நிறுவனமான ஃபோக்ஸ்வாகனின் அப்ரூவல் எண்ணோடு எஸ்பி என்பதும் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி சொல்லும் 15,000 கிலோமீட்டரை மறந்துவிட்டு 7,500-க்கு ஒருமுறை மாற்றுங்கள். முக்கியமாக, ஓவர்டேக் பண்ண வேண்டுமென்றால் கியரை இறக்கிவிட்டு மிதியுங்கள். பைசா செலவில்லாத பாதுகாப்பு இது.

அப்புறம் பெட்ரோல். இந்த ஒரு விஷயத்தில்தான் நம் ஊரில் ஏகப்பட்ட பேர் ஏமாறுகிறார்கள். ட்யூன் போடும் அன்று நாக்கிங்கை அதிகம் தாங்கும் 100 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி100 நிரப்பி, அதற்கு ஏற்ற மாதிரி டைமிங்கை முன்னே தள்ளி, டைனோவில் அழகான நம்பரை வாங்கிக்கொண்டு போவோம். ஆறு மாதம் கழித்து ராத்திரி பதினோரு மணிக்கு விராலிமலை தாண்டி ஒரு பங்கில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு மதுரைக்கு விரட்டுவோம். என் வண்டியில் அப்படிப் போன ஒரு இரவு எடுத்த லாகில் (என்ஜின் கணினி தரும் அளவுகளின் பதிவில்) மூன்றாவது சிலிண்டர் 7 டிகிரி வரை டைமிங்கை இழுத்திருந்தது. அடுத்த வாரமே ட்யூனை ஒரு படி இறக்கச் சொல்லிவிட்டேன். நீங்கள் போகும் பாதையில் கிடைக்கும் மிக மட்டமான பெட்ரோல் எதுவோ அதற்குத்தான் ட்யூன். நல்லது கிடைத்தால் அது போனஸ். 20 சதவீத எத்தனால் கலந்த இ20-ஐ நினைத்து ரொம்பப் பயப்படவும் வேண்டாம், எத்தனால் நாக்கிங்கைக் குறைக்கத்தான் செய்யும். ஆனால் எத்தனாலில் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும், மைலேஜ் இறங்கும், எரிபொருள் பம்ப் அதிகமாக உழைக்க வேண்டியிருக்கும். அதனால் லாகில் ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தம்) கேட்ட அளவுக்கு வருகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

லாக் லாக் என்கிறேனே, வண்டிக் கணினியோடு பேச வைத்திருக்கும் ஓபிடி போர்ட்டில் செருகும் ஒரு டாங்கிளும் போனில் ஒரு ஆப்பும் போதும். ட்யூன் போடுவதற்கு முன்பே ஒருமுறை எடுத்து வையுங்கள், ஏற்கெனவே நோய் இருக்கும் வண்டியில் பவர் ஏற்றுவதுதான் முதல் தப்பு. மூன்றாவது கியரில் 2500-லிருந்து 6000 வரை ஒரே இழுப்பு, ஆளில்லாத ரோட்டில். முடிந்தால் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் டிராக் டே வரும்போது எடுங்கள், அதுதான் சரியான இடம். ஒவ்வொரு சிலிண்டரிலும் டைமிங் எவ்வளவு பின்னுக்குப் போகிறது, கேட்ட பூஸ்டும் (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) கிடைத்த பூஸ்டும் ஒத்துப்போகிறதா, உள்ளே போகும் காற்றின் சூடு என்ன, இந்த மூன்றும்தான் உயிர்நாடி. எப்போதாவது 2, 3 டிகிரி இழுத்தால் பரவாயில்லை. ஒரே சிலிண்டர் தொடர்ந்து 5-க்கு மேல் இழுத்தால் மிதிப்பதை நிறுத்துங்கள்.

காற்றுச் சூட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 30 டிகிரியில் போகிற காற்றைவிட 60 டிகிரி காற்றில் ஆக்ஸிஜன் சுமார் 9 சதவீதம் குறைவு, அதோடு நாக்கிங்கும் கூடும். மே மாதச் சென்னை ட்ராஃபிக்கில் நின்று கிளம்பும் வண்டிக்கு இது தினசரிக் கதை. என்னைக் கேட்டால் ஏர் ஃபில்டர், சத்தம் போடும் புகைக்குழாய் எல்லாவற்றுக்கும் முன்னால் காசு போக வேண்டியது டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலருக்குத்தான். பவர் நம்பரில் அது பெரிதாகத் தெரியாது, ஐந்தாவது தடவை இழுக்கும்போதுதான் தெரியும். பிளக்குகளை ஒரு படி குளிர்ந்த ரகத்துக்கு மாற்றி இடைவெளியை 0.6 மில்லிமீட்டர் பக்கம் வைத்தால், பூஸ்ட் ஏறும்போது வரும் திக்கல் பெரும்பாலும் போய்விடும்.

ஊட்டிக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. 2.2 பார் மொத்த அழுத்தம் கேட்கும் ட்யூன் கடற்கரையில் காற்றை 2.2 மடங்கு அழுத்தினால் போதும். 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றே சுமார் 0.77 பார்தான், அதே அளவுக்கு 2.86 மடங்கு அழுத்த வேண்டும். இவ்வளவு சின்ன டர்போ அளவுக்கு மீறிச் சுற்றி, சூட்டைத்தான் தள்ளும். உயரத்துக்கு ஏற்ப பூஸ்டைக் குறைக்கும் பாதுகாப்பைக் கம்பெனி சாஃப்ட்வேரிலேயே வைத்திருக்கிறது. அதில் கை வைக்கவில்லையே என்று ட்யூனரிடம் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

கியர்பாக்ஸ் பற்றிச் சுருக்கமாக: 6 கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்), ஆயிலில் ஊறும் கிளட்ச், ஓரளவு தாங்கும். ஆனால் கிளட்சை அழுத்தும் பிரஷர் 350 என்எம்முக்குத் தகுந்தபடி இருப்பது. ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் வழுக்குகிறது என்று அர்த்தம், கியர்பாக்ஸ் ட்யூனும் சேர்த்துப் போட வேண்டும். 60,000 கிலோமீட்டரில் அதன் ஆயிலும் ஃபில்டரும் கட்டாயம்.

புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டு வெற்று டவுன்பைப் (டர்போவுக்கு அடுத்த புகைக்குழாய்) போடுவதை நான் சொல்ல மாட்டேன். புகைச் சான்றிதழில் மாட்டுவீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு கம்பெனி அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ரீமேப்பும் கம்பெனிக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். சர்வீஸில் அவர்கள் கணினியை இணைத்ததும் சாஃப்ட்வேர் மாறியிருப்பது டிடி1 என்ற குறியாகப் பதிவாகிவிடும், அதற்கப்புறம் என்ஜின் வாரண்டி பேச்சே இருக்காது. வாரண்டி முடிய ஒரு வருஷம்தான் பாக்கி என்றால் அதுவரை இன்டர்கூலர், பிளக், ஆயிலுக்குக் காசு சேருங்கள், கம்பெனி சாஃப்ட்வேரிலேயே நாலைந்து லாக் எடுத்து வையுங்கள். ரீமேப் போட்ட அன்று ஒப்பிட்டுப் பார்க்க அவைதான் வேண்டும்.