பிளஸ் டூ உயிரியல்: படத்திலிருந்து குறிப்பெடுங்கள்

பாடப் புத்தகத்தின் வரிகளை அப்படியே நோட்டில் எழுதுவது குறிப்பு இல்லை, வெறும் நகல். உயிரியலுக்குப் படத்திலிருந்து தொடங்குங்கள்.

தாவரவியலில் வரும் கருப்பையை (embryo sac, பூவின் சூலுக்குள் இருப்பது) எடுத்துக்கொள்ளுங்கள். பாடத்தை ஒருமுறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளில் வரையுங்கள். சூல்துளைப் பக்கம் அண்ட செல் 1, சினர்ஜிட்கள் 2. எதிர்முனையில் எதிரடிச் செல்கள் 3. நடுவில் பெரிய மைய செல், அதற்குள் 2 துருவ உட்கருக்கள். ஆக 7 செல்கள், 8 உட்கருக்கள். இப்போது புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தப்பையும் சிவப்புப் பேனாவால் திருத்துங்கள். அந்தச் சிவப்பு இடங்கள்தான் உங்களுக்குத் தேவையான குறிப்பு! மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை அதே படத்தைப் பார்க்காமல் வரையுங்கள்.

தமிழ் வழியில் படிப்பவர்கள் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் பக்கத்தில் ஆங்கிலப் பெயரையும் எழுதிவிடுங்கள். கல்லூரியில் அது ரொம்ப உதவும்.

அப்புறம், உயிரி-தாவரவியல் 35, உயிரி-விலங்கியல் 35 என மதிப்பெண் சமம். நோட்டைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நீட் எழுதுபவர்கள் என்சிஇஆர்டி புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதன் பிடிஎஃப் இலவசமாகவே கிடைக்கிறது.