பிளஸ் டூ வரலாறு: நெட்டுருப் போடாமல் படிக்க

தமிழ்நாட்டு பிளஸ் டூ வரலாற்றுத் தாள் 90 மதிப்பெண்ணுக்கு. அக மதிப்பீடு 10. ஒரு மதிப்பெண் வினா 20, இரண்டு மதிப்பெண்ணில் 7, மூன்றில் 7, ஐந்தில் 7. பத்தி பத்தியாக நெட்டுருப் போட்டவருக்குக் கேள்வி கொஞ்சம் மாறி வந்தாலே கை நின்றுவிடும்.

முதல் வாசிப்பில் பேனா வேண்டாம், அடிக்கோடும் வேண்டாம். இரண்டாம் வாசிப்பில் நோட்டுப் பக்கத்தை மூன்றாகப் பிரித்து ஆண்டு, நிகழ்வு, 'அதனால் என்ன ஆயிற்று' என்று எழுதுங்கள். பாடத்துக்கு 15 வரி தாண்டினால் புத்தகத்தையே நகலெடுக்கிறீர்கள் என்று பொருள். தமிழ்நாட்டில் சுதேசி இயக்கம் இப்படி வரும்:

1905 அக்டோபர் 16 – வங்கப் பிரிவினை அமல் – அந்நியத் துணிப் புறக்கணிப்பு பரவியது
1906 – வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி – தூத்துக்குடி, கொழும்பு வழியில் ஆங்கிலேயக் கம்பெனியோடு கட்டணப் போட்டி
1908 பிப்ரவரி – கோரல் மில் வேலைநிறுத்தம் – தொழிலாளர்களும் இயக்கத்துக்குள் வந்தனர்
1908 மார்ச் 12 – வ.உ.சி., சுப்பிரமணிய சிவா கைது – மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச்சூடு
1911 ஜூன் 17 – மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக்கொலை

'அதனால் என்ன ஆயிற்று' என்ற மூன்றாவது கட்டம்தான் ஐந்து மதிப்பெண் விடையின் உயிர். அதை மூடிவைத்து, முதலிரண்டை மட்டும் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். திக்கும் இடத்தை மட்டும் திரும்பப் படித்தால் போதும்.

குழப்பும் ஜோடிகளுக்குத் தனிப் பக்கம் வையுங்கள். கிரிப்ஸ் தூதுக்குழு 1942, அமைச்சரவைத் தூதுக்குழு 1946. இரண்டாவதிலும் கிரிப்ஸ் இருந்ததால்தான் இத்தனை பேர் மாற்றி எழுதுகிறார்கள். 1916இல் இரண்டு தன்னாட்சி இயக்கங்கள்: ஏப்ரலில் திலகர், செப்டம்பரில் அன்னி பெசன்ட்.

தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு 12 நிமிடம், மூன்றுக்கு 6, இரண்டுக்கு 3, ஒரு மதிப்பெண் மொத்தத்துக்கும் 15 என்று வைத்தால் 162 நிமிடம். மீதி 18 நிமிடம் சரிபார்க்க. தெரிந்த கேள்விக்கு நான்கு பக்கம் எழுதினாலும் ஐந்துக்கு மேல் கிடைக்காது. அந்த நேரம் கடைசிக் கேள்வியின் கழுத்தில்தான் விழும். 'காரணங்கள்' கேட்டால் காரணங்களை மட்டும், தலைப்பிட்டு எழுதுங்கள். விளைவுகளைக் கொட்டி மதிப்பெண் வாங்க முடியாது.

கூற்று–காரணம் வினாவில் இரண்டும் சரி என்றதும் அவசரப்பட வேண்டாம். 'காந்தி 1922இல் ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்தினார்', 'ரௌலட் சட்டம் 1919இல் வந்தது' – இரண்டும் சரி. ஆனால் நிறுத்தக் காரணம் சௌரி சௌராவில் நடந்த வன்முறை. 'காரணம் கூற்றை விளக்கவில்லை' என்பதே விடை. அதையும் அ, ஆ போன்ற விடைக் குறியீட்டோடு சேர்த்து முழுதாக எழுதுங்கள்.