திராட்சைச் சரிவு, காட்டு முகடு: கிராவல் பைக்குக்குப் பாதை போடுவது எப்படி

ஒயின் திராட்சை விளையும் மலைநாடுகளில் பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றுதான். அடியில் ஆறும் ஊரும். நடுச்சரிவில் திராட்சை, ஏனென்றால் குளிர்ந்த காற்று கீழே இறங்கிப் பள்ளத்தில் உறைபனியாகத் தேங்கும், இளந்தளிருக்கு அது ஆகாது. அதற்கும் மேலே, மண் மெலிந்த முகட்டிலும் வெயில் படாத பக்கத்திலும் காடு. இந்த மூன்றடுக்கு மனதில் பதிந்துவிட்டால் கிராவல் பைக்குக்கு (சரளைப் பாதையிலும் ஓடும், அகல டயர் போட்ட சைக்கிள்) பாதை போடுவதில் எடுக்கவேண்டிய பெரிய முடிவு ஒன்றுதான்: காட்டு வழியே ஏறுங்கள், திராட்சை வழியே இறங்குங்கள்.

பாதையை எந்த வண்டிக்காக வெட்டினார்கள் என்று பாருங்கள். காட்டுச் சாலை, மரம் ஏற்றிய லாரிக்கானது. சுமையோடு போகவேண்டும் என்பதால் வளைந்து வளைந்துதான் ஏறும். சரிவு பெரும்பாலும் 10, 12 சதவீதத்துக்குள் நிற்கும். நிழலும் உண்டு. தோட்டப் பாதை டிராக்டருக்கானது. கொடி வரிசையை ஒட்டி நெட்டுக்குத்தாகப் போகும், 18 சதவீதமும் 20 சதவீதமும் அங்கே சகஜம். ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரை போன்ற இடங்களில் 30 சதவீதத்துக்கு மேற்பட்ட சரிவிலேயே கொடி நட்டிருக்கிறார்கள். ஆனால் இறங்கும்போது அதே பாதை நல்லது: எதிரே வருபவர் தூரத்திலேயே தெரிவார். காட்டில் இறங்கினால் இலைநிழலும் வெயிலும் மாறி மாறி விழும் தரையில் டயர் பள்ளம் எது, நிழல் எது என்று பிரிக்கவே முடியாது. வளைவுக்கு அப்பால் நடந்து வருபவரும் தெரியமாட்டார்.

இந்த விதி மழைக்கு மறுநாள் செல்லாது. தோட்டத்திலிருந்து அடித்துவந்த சேறு காங்கிரீட் பாதைமேல் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். அதில் முன்பிரேக்கைப் பிடித்தால் விழுவது நிச்சயம். அன்றைக்குக் காட்டு வழியே இறங்குங்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு 40 முதல் 50 கி.மீ. போதும். ஒரு கி.மீ.க்கு 20 மீட்டர் ஏற்றம் என்று கணக்கு வைத்தால் 50 கி.மீ.க்கு 1,000 மீட்டர். கேட்கச் சின்னதாக இருக்கும்; பாதித் தூரம் இறக்கம் என்பதால் ஏறும் பகுதியின் சராசரிச் சரிவு 4 சதவீதம். சராசரி என்பதைக் கவனியுங்கள்: சமதளம் நடுவில் வந்தால் மிச்சம் அதற்கேற்றபடி செங்குத்தாகும். பெடல் மிதிக்கும் நேரம் மட்டுமே மூன்றரை முதல் நான்கு மணி.

வரைபடத்தில் ஏமாறுவது இரண்டு இடத்தில். ஒன்று, பாதையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வரைகோடு. இலவச உயரத் தரவு பலவும் ஏறக்குறைய 30 மீட்டர் கட்டங்களால் ஆனது. 50 மீட்டர் நீளத்துக்கு 20 சதவீதம் என்று எகிறும் துண்டு அதில் மழுங்கி 12 ஆகத் தெரியும். உயரக்கோடுகள் நெருங்கியிருக்கும் இடத்தில் பாதை அவற்றை நேராக வெட்டுகிறதா, சாய்வாகக் கடக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இன்னொன்று, தரை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் வண்டித்தடங்களுக்கு கிரேடு 1 முதல் 5 வரை தரம் போட்டிருப்பார்கள். 1 என்றால் கெட்டித்தரை, 2 நன்கு இறுகிய சரளை, 3 கெட்டியும் மண்ணும் கலந்தது. இதுவரை கிராவல் பைக் சுகமாகப் போகும். 4 உலர்ந்த நாளில் மட்டும். 5 என்பது புல்லும் மண்ணும்தான், திட்டத்தில் சேர்க்காதீர்கள். தரம் குறிக்காத தடத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள்: வெளிறிய இரட்டைக் கோடு சரளை, நடுவில் பச்சைக் கோடு ஓடினால் வண்டி அதிகம் போகாத தடம். கொடி வரிசைகளுக்கு நடுவில் போய் முட்டி நிற்கும் பாதைகளை முதலிலேயே கழித்துவிடுங்கள். அவை தோட்டக்காரரின் நிலம், அடுத்த பக்கம் வழி இருக்காது. போட்ட பாதையின் கோப்பை (ஃபைல்) ஜிபிஎஸ் கருவியில் ஏற்றுவதோடு போனிலும் ஆஃப்லைன் வரைபடம் இருக்கட்டும். அடர்காட்டில் ஜிபிஎஸ் புள்ளி தடுமாறும். வேகமாக இறங்கும்போது திருப்பத்தைத் தவறவிட்டு, 100 மீட்டர் உயரத்தை மறுபடி ஏறவேண்டி வரும்.

வண்டியில் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்கவேண்டியது கியர். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்றால், மணிக்கு 7 கி.மீ. வேகத்தில் 10 சதவீதம் ஏற ஏறக்குறைய 190 வாட் வேண்டும், 15 சதவீதத்துக்கு 270. பல்சக்கரத்தில் முன்னால் 40 பல், பின்னால் 44 பல் இருந்தால் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கும்போது கிடைப்பது அதே 7 கி.மீ. 270 வாட்டைப் பத்து நிமிடம் தாங்க முடியாதவர் சுற்றைக் குறைத்து முழங்காலால் அழுத்துவார். மாலையில் வலிப்பது அதனால்தான். முன்னால் 38, பின்னால் 52 பல் போட்டால் வேகம் 5.8 ஆக இறங்கும், தேவையும் 225 வாட் ஆகும். சரளையில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் சுழன்று நழுவும். இருக்கையின் முனைக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, உட்கார்ந்தபடியே ஏறுவதே வழி. அதற்குத்தான் சின்ன கியர்.

டயர் 40 முதல் 45 மி.மீ.; வேரும் கல்லும் நிறைந்த காடு என்றால் 45-க்குக் குறையாமல். 75 கிலோ ஆளுக்கு 40 மி.மீ. டியூப்லெஸில் (உள்ளே டியூப் இல்லாத டயர்) காற்றழுத்தம் முன்னால் 30, பின்னால் 33 பிஎஸ்ஐயில் தொடங்கி, விளிம்பு கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டால் 2 ஏற்றுங்கள், கை நடுங்கினால் 2 குறையுங்கள். டியூப் போட்டவர்கள் 5 கூட்டவேண்டும். டியூப்லெஸில் ஓட்டையைத் தானே அடைக்கும் திரவமான சீலன்ட், ஒரு டயருக்கு 60 முதல் 80 மி.லி. அது காய்ந்துவிடும் சரக்கு. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். டயருக்கும் ஃப்ரேமுக்கும் இடையே இரு பக்கமும் 6 மி.மீ. இடைவெளி இல்லையென்றால் களிமண் தோட்டத்தில் சக்கரம் சுற்றாது. களியும் சுண்ணாம்பும் கலந்த மண்ணுக்குத் திராட்சை நாட்டில் பஞ்சமில்லை. அங்கே மழைக்குப்பின் ஒருநாளாவது விடுங்கள். மணலும் சிதைந்த கிரானைட்டும் உள்ள சரிவு சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து லேசாகப் பிடித்துக்கொண்டே போவதுதான் கெடுதல். சூடு ஏறி ரெசின் பேட் (பிசினால் ஆன பிரேக் கட்டை) பளபளத்து, பிடி போய்விடும். வளைவுக்கு முன்னால் இரண்டையும் அழுத்திப் பிடித்து, பிறகு முழுதாக விட்டுவிடுங்கள். பேடில் உராயும் பகுதி 0.5 மி.மீ.க்குத் தேய்ந்தால் மாற்றவேண்டும், 1 மி.மீ. இருந்தால்கூட மலைக்குப் போகுமுன் மாற்றுவது புத்திசாலித்தனம். காட்டுச் சாலையின் குறுக்கே மழைநீர் வடிய மரத்தாலோ இரும்பாலோ வாய்க்கால் வைத்திருப்பார்கள், அதுவும் சாய்வாக. முன்சக்கரம் அதில் சிக்கினால் ஹேண்டில் திரும்பிவிடும். வாய்க்காலுக்குச் செங்கோணத்தில், எடையைப் பின்னுக்குத் தள்ளிக் கடக்கவேண்டும்.

குளிர்காலத்தில் கொடியை வெட்டிவிடும் கவாத்துக்குப் பிறகு பாதையெங்கும் கொடித்துண்டும் கம்பித்துண்டும் கிடக்கும். கம்பி டயரைக் குத்தும். கொடி பின்சக்கரத்தில் ஏறி, கியர் மாற்றும் டெரெய்லரை இழுத்து, அதை ஃப்ரேமில் தாங்கும் ஹேங்கரை முறித்துவிடும். உங்கள் ஃப்ரேமுக்குப் பொருந்தும் ஹேங்கர் ஒன்று, டியூப் ஒன்று, டயர் ஓட்டையை அடைக்கும் பிளக், செயின் இணைப்பி ஒரு ஜோடி, 4, 5, 6 மி.மீ. ஆலன் சாவி, டார்க்ஸ் 25 (நட்சத்திர முனைச் சாவி), முன்விளக்கு: இவை பையில் இருக்கட்டும். காட்டுக்குள் அந்தி சீக்கிரம் வந்துவிடும்.

வளரும் பருவத்தில் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து தெளிப்பார்கள். தெளிக்கும் டிராக்டரைக் கண்டால் காற்று வரும் பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். தோட்டத்துக் குழாய்நீர் மருந்துத் தொட்டிக்கானதாக இருக்கலாம், குடிக்கவேண்டாம். கொடிகளுக்கு நடுவே நிழல் கிடையாது என்பதால் வெயிலில் மணிக்கு 750 மி.லி. தண்ணீர் கணக்கு. அறுவடை வட அரைக்கோளத்தில் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை, தென் அரைக்கோளத்தில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. அப்போது குறுகிய பாதையில் டிரெய்லர்கள் ஓடிக்கொண்டே இருக்கும், வழி விடவேண்டியது நாம்தான். இலையுதிர் காலத்தில் காட்டில் வேட்டையும், மரம் வெட்டும் நாட்களில் அடைப்பும் இருக்கும். ஞாயிறு ஆள் இல்லையே என்று அடைப்பு நாடாவைத் தாண்டாதீர்கள், பாதி அறுத்த மரம் காற்றில் சாயும். ஒயின் ருசிப்பதைக் கடைசி இறக்கத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டில் வாங்கி வந்தால் அது ஏறக்குறைய 1.2 கிலோ இருக்கும். கைப்பிடிப் பையில் வைக்காமல் ஃப்ரேமுக்குள் வையுங்கள்.

வீடு திரும்பியதும் டயரையும் செருப்படியையும் ஒட்டிய மண் போகக் கழுவிக் காயவையுங்கள். 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சையை அழித்த ஃபிலாக்ஸரா என்ற வேர்ப்பேன் மண்ணோடு ஒட்டிக்கொண்டு இடம் மாறக்கூடியது. ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே எல்லை வகுத்து விதி வைத்திருக்கிறார்கள். ஒரு திராட்சை வட்டாரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவர்கள் வண்டியைக் காரில் ஏற்றுமுன்பே இதைச் செய்துவிடவேண்டும்.