மச்சானுக்குக் கொந்தராத்து: எந்தச் சட்டத்தைப் புரட்டுவது?

இலங்கையின் களுவாஞ்சிக்குடியில் ஓய்வுபெற்ற எழுதுவினைஞன் நான். என் திண்ணைக்கு அடிக்கடி வரும் கேள்வி இதுதான்: அரசாங்க வேலைகளுக்குக் கொந்தராத்து (ஒப்பந்தம்) கொடுக்கும் கேள்விப்பத்திரக் (டெண்டர்) குழுவில் இருந்தவரே மச்சானுக்கு வேலையைக் கொடுத்தால் குற்றமா?

முதலில் சட்டத்தைத் தேடாதீர்கள், திகதியைத் தேடுங்கள். குழு என்றைக்குக் கூடியது? கூட்டக் குறிப்பில் இருக்கும். தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும்.

2023 செப்டெம்பர் 15இல் ஊழல் எதிர்ப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கூட்டம் அதற்குப் பிந்தியதா, நலன் முரண்பாடு, அதாவது சொந்த நலனும் பதவிக் கடமையும் மோதுவது, அதில் தனிக் குற்றம். முந்தியதா, 1954இன் இலஞ்சச் சட்டத்தை எடுங்கள். அதைத்தான் நீக்கிவிட்டார்களே என்பீர்கள். சரி, ஆனால் புதுச் சட்டத்தில் அதை நீக்கும் பிரிவைக் கடைசிவரி வரை வாசியுங்கள். பழைய விடயங்களை என்ன செய்வதென்று அங்கேதான் எழுதியிருக்கும். நானே அதைப் பார்க்காமல் ஒரு தம்பியை மட்டக்களப்புக்கு இரண்டு தரம் அலையவைத்தேன், பாவம்.

அரச பதவியில் இருப்பவர்கள் கொடுக்கும் சொத்து விபரமும் இப்படித்தான். 1975ஆம் ஆண்டின் பழைய சொத்து வெளிப்படுத்தல் சட்டத்தில் கட்டணம் கட்டிப் பிரதி வாங்கலாம், வெளியில் சொல்லக்கூடாது என்றிருந்தது. என்ன வேடிக்கை! புதுச் சட்டத்தில் தனிப்பட்ட விபரங்களை மறைத்துவிட்டு இணையத்திலேயே போடவேண்டும்.